நான்காவது ஊசி

லாசரின் வலக்கையைக் கெடுத்தவன் நான். அதோடு விட்டேனா? தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டான் என்று அவனுடைய மருத்துவ அட்டையில் எழுதிவைத்தவனும் நான்தான்.

எழுதிவிட்டேன்... இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு ஏழு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இடையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மருந்துச் சீட்டுகள் எழுதினேன். அதற்கெல்லாம் என் பேனா ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.

நீங்கள் என்னை அறிந்தவராகவே இருக்கலாம். மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் என் கிளினிக் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கே வெளியே பெஞ்சில் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கைராசிக்காரர் என்று என்னைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது நான் மருந்து கொடுத்திருக்கக்கூடும். அப்படியானால் இதை முழுவதும் படியுங்கள். பிறகு என்னிடம் வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

அப்போது நாடு விடுதலையடைந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெங்களூரைச் சுற்றிப் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்தன. யஷ்வந்த்பூருக்கு அப்பால், இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் நான் டாக்டராக இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். என் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நான் ஆள் தேடவில்லை.

உங்கள் முழங்கையின் வெளிப்புறத்தில் ஓர் எலும்பு மேடு இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகளெல்லாம் ஒரே தசைநாராகச் சேர்ந்து அந்த மேட்டைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரே வேலையை ஓயாமல் செய்கிறவர்களுக்கு அந்த நார் நைந்துபோகும். பிறகு காப்பித் தம்ளரைத் தூக்கினால்கூட உயிர் போகும். மருத்துவத்தில் இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் பார்த்திராத ஃபிட்டர்களும் தச்சர்களும்தான் இதோடு என்னிடம் வந்தார்கள். பெயர் வைத்தவர் எந்த மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தாரோ!

அதுவரை எங்களிடம் இருந்த வைத்தியம் ஒத்தடம், கட்டு, மாத்திரை, ஓய்வு. அப்போதுதான் ஹைட்ரோகார்டிசோன் வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பி. குலுக்கினால் உள்ளே பால்போல் வெள்ளையாகும். அதை மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு கலந்து, வலிக்கிற புள்ளியைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, எலும்பு தட்டும்வரை ஊசியை இறக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வலி கூடும். மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியாது!

கத்தியில்லை, கட்டில்லை, படுக்கையில்லை. மாதக்கணக்கில் முனகிக்கொண்டிருந்தவன் நான்காம் நாள் கையை வீசிக்கொண்டு வந்து உங்கள் முன் நிற்கிறான். "சார், நீங்க தெய்வம்" என்கிறான். ஒருமுறை கேட்டால் போதும்... மறுமுறையும் கேட்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

அந்த மருந்தின் குணத்தை அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மாதம் ஒருமுறை தொழிற்சாலைக்கு வந்துபோன எலும்பு சர்ஜன் முதல் குப்பியை என் கையில் வைக்கும்போதே எச்சரித்தார். இது வலியைத்தான் நிறுத்தும், நைந்த நாரை நெய்யாது என்றார். ஊசி போட்டதும் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போட்டால் நார் சோறாகக் குழைந்துவிடும் என்றார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். நல்ல மாணவன் நான்.

லாசர் ஃபிட்டிங் பிரிவில் டெம்பரரி ஆள். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்பக்கத்துச் சந்தில் குடியிருந்தான். மனைவி ரெஜினா, இரண்டு பெண் குழந்தைகள். நாள் முழுதும் வைஸ் முன்னால் நின்று, அதில் இறுக்கிய இரும்பை அரத்தால் ராவுவது அவன் வேலை. அவன் ராவிய தகட்டைக் கண்ணாடிமேல் வைத்தால் இடையில் காகிதம் நுழையாது என்று அந்தப் பிரிவில் பெருமையாகச் சொல்வார்கள். அவன், இவன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன், கவனித்தீர்களா? என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அன்று டாக்டர்கள் தொழிலாளிகளை அப்படித்தான் அழைத்தோம். இன்று மாற்றி எழுதினால் அதுவும் ஒரு வேஷம்.

முதன்முதலில் வந்தபோது வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு நின்றான்.

"எத்தனை நாளாப்பா?" என்றேன்.

"ரெண்டு மாசமா சார். அரத்தைப் புடிச்சா கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குது. வூட்ல சொம்புத் தண்ணிகூட எடுக்க முடியல."

"ஏன் முன்னாடியே வரலை?"

"லீவு எழுதிக் குடுத்துடுவீங்கன்னு பயம் சார்."

அவன் பயம் நியாயமானது. டெம்பரரி ஆள் பெர்மனென்ட் ஆக வேண்டுமானால் ஒரு வருடம் இடைவிடாமல் வேலைக்கு வந்திருக்க வேண்டும். மருத்துவ விடுப்பு எடுத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். லாசருக்கு ஏற்கெனவே ஒரு வருடம் அம்மை வார்த்து வீணாகியிருந்தது. இது இரண்டாம் முறை. பெர்மனென்ட் ஆனால் பெண்களை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அவனும் ரெஜினாவும் காத்திருந்தார்கள்.

ஆனால் ஒரு வழி இருந்தது... ஒரே ஒரு வழி. லைட் டியூட்டி சீட்டு.

டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆறு வாரமோ எட்டு வாரமோ அந்த ஆள் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து சாமான்களுக்கு அடையாளச் சீட்டு கட்டிக்கொண்டிருக்கலாம். கையும் ஆறும், சர்வீஸும் அறாது. டெம்பரரி ஆட்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அது இருக்கிறதென்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பது டிஸ்பென்சரியின் வழக்கம். கேட்கத் தெரிந்தவர்கள் பெர்மனென்ட் ஆட்கள். நான் ஏற்படுத்திய வழக்கம் அல்ல அது. அதை மாற்ற ஒரு விரலையும் நான் அசைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லாசர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் ஊசியைப் போட்டேன். "சரியாயிடும், போ" என்றேன். நான்காம் நாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று, மடக்கி நீட்டிக் காட்டிச் சிரித்தான். உள்ளே வரவில்லை. வேலை நேரத்தில் ஐந்து நிமிடம்கூட வீணாக்கக் கூடாதாம். ஃபிட்டிங் பிரிவு முழுவதும் அவன் சொல்லித்தான் எனக்கு ஊசி டாக்டர் என்று பெயர் வந்தது.

இரண்டு மாதத்தில் வலி திரும்பியது. இரண்டாவது ஊசி.

அந்தச் சமயத்தில்தான் ஒர்க்ஸ் மானேஜர் என்னை அழைத்தார். பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. ஃபிட்டிங் பிரிவிலிருந்து யாரையும் வேறெங்கும் அனுப்ப வேண்டாம், லைட் டியூட்டிக்குக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உத்தரவு போடவில்லை, கேட்டுக்கொண்டார்! என் ஊசியைப் புகழ்ந்தார். மற்ற தொழிற்சாலைகளில் ஆட்கள் கை வலி என்று வாரக்கணக்கில் படுத்துக்கொள்கிறார்களாம், இங்கே அது இல்லையாம். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீசர்கள் கிளப்புக்கு டென்னிஸ் ஆட வாருங்களேன் என்றார்.

போனேன். கண்டோன்மென்ட் தையல்காரரிடம் வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டு போனேன். அதற்கு முன் நான் மட்டை பிடித்ததே இல்லை.

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். சிரியுங்கள். இரண்டே மாதத்தில் எனக்கும் அதே நோய் வந்தது! வலக்கை, வெளிப்புறம், அதே எலும்பு மேடு. தொழிற்சாலையிலேயே பெயருக்குப் பொருத்தமான டென்னிஸ் எல்போ வந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு நான் என்ன வைத்தியம் செய்துகொண்டேன் தெரியுமா?

ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மட்டையை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். முழங்கைக்குக் கீழே பட்டை கட்டினேன். வீட்டில் வாளி தூக்கவில்லை. மார்க்கெட் பையை என் மனைவி தூக்கினாள். மருந்துச் சீட்டுகளை நான் சொல்லச் சொல்ல கம்பவுண்டர் சிவண்ணா எழுதினார். இரண்டு மாதம் பத்திரமாக ஓய்வெடுத்தேன். நார் தானாகவே ஆறியது. இன்றைக்கும் இந்தப் பக்கங்களை வலியில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கையில் பட்டையோடுதான் லாசருக்கு மூன்றாவது ஊசியைப் போட்டேன்.

அவன் என் பட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் இதேவா சார்? பாவம்" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். நீங்களும் ஒரு ஊசி போட்டுக்க வேண்டியதுதானே என்று அவன் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான்.

அந்த மாதம் சர்ஜன் வந்தபோது லாசரைக் காட்டினேன். அந்த அளவுக்கு மனச்சாட்சி இருந்தது. சர்ஜன் அவன் முழங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஊசி இறங்கிய இடத்தில் தோல் வெளுத்து, நாலணா அகலத்துக்குச் சற்றே குழிந்திருந்தது. எத்தனை ஊசி என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் முகம் மாறியது. ஆங்கிலத்தில் கடுமையாகப் பேசினார். இனி ஒன்றுகூடக் கூடாது, ஆறு வாரம் இந்தக் கை அரத்தைத் தொடக்கூடாது, இன்றே லைட் டியூட்டிக்கு அனுப்பு என்றார். அதையே ஒரு காகிதத்தில் எழுதி, தேதியிட்டு, என்னிடம் கொடுத்தார்.

அவர் போனதும் லாசர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டான்.

"பெரிய டாக்டர் என்ன சார் சொல்றாரு? கோவமா பேசின மாதிரி இருந்துது."

இப்போதும் அந்த நிமிடத்தை நிறுத்திவைத்துப் பார்க்கிறேன். மேசைமேல் அவர் எழுதிய காகிதம். அதன் பக்கத்திலேயே லைட் டியூட்டி சீட்டுப் புத்தகம். பேனா என் சட்டைப் பையில். ஒரு கையெழுத்து! ஃபிட்டிங் பிரிவில் லாசரைப்போல் வேலை தெரிந்தவன் வேறு யாருமில்லை. அவனை எடுத்தால் மறுநாளே மானேஜர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்... இவ்வளவுதான் என் பயம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று சொல்ல முடிந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும். தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காம்" என்றேன்.

காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவன் மீண்டும் வந்தான். பெர்மனென்ட் ஆக இன்னும் ஐந்து வாரம் பாக்கி. அரம் கையிலிருந்து நழுவுகிறது என்றான். நழுவுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வலியால் அல்ல, பிடிமானம் போய்க்கொண்டிருந்தது.

குப்பியை எடுத்துக் குலுக்கினேன். சிவண்ணா கொதிநீரிலிருந்து ஊசியை எடுக்காமல் இடுக்கியோடு நின்றார். மண்டியாக்காரர், இருபது வருட அனுபவம். என்னோடு எப்போதும் கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார்.

"பேடா சார்" என்றார் மெதுவாக. "வேண்டாம். ஆ பெரிய டாக்டர் எழுதி வெச்சுப் போனாரில்லவா? நாலாவது பேடா."

"எடுங்க சிவண்ணா."

எடுத்துக் கொடுத்தார். லாசர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். ஊசி இறங்கும்போது எப்போதும் நார் சற்று எதிர்க்கும். அன்று எதிர்ப்பே இல்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த உணர்ச்சி இன்னும் என் விரலில் இருக்கிறது. யாருக்கு ஊசி போட்டாலும் ஒரு கணம் அது வந்துபோகிறது.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலையில் லாசரை ரெஜினா அழைத்துவந்தாள். புடவைத் துண்டால் அவன் கையைக் கழுத்தோடு கட்டியிருந்தாள். பேசியது அவள்தான்.

"நேத்து குழாயடியில குடத்தைத் தூக்கினாரு டாக்டர். டப்புன்னு ஒரு சத்தம். தள்ளி நின்ன எனக்கே கேட்டுது. அப்பறம் கை தொங்கிப்போச்சு. வலியே இல்லைங்கறாரு. வலி இல்லைன்னா நல்லதுதானே டாக்டர்?"

நார் எலும்பைவிட்டு வந்துவிட்டிருந்தது. பக்கத்தில் மூட்டைப் பிணைத்திருந்த நாரும் சேர்ந்து போயிருந்தது. கையைக் கவிழ்த்து மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. என் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னேன். பச்சைக் குழந்தையின் பிடி. "இறுக்கு லாசர்" என்றேன். "இறுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றான்.

பெர்மனென்ட் ஆக மூன்று வாரம் பாக்கி.

அடுத்த முறை சர்ஜன் வந்து பார்த்தார். அறுத்துத் தைக்கலாமா என்று கேட்டேன். குழைந்த சோற்றில் தையல் நிற்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான்காவது ஊசியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

மானேஜர் அறையில் விசாரணை நடந்தது. விசாரணை என்ன விசாரணை... பத்து நிமிடம். மானேஜர், தொழிலாளர் நல அதிகாரி, நான். டிஸ்பென்சரி வைத்தியத்தால் வந்த கேடு என்றால் அவனுக்கு ஸ்டோர்ஸிலோ வாசலிலோ ஒரு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்காமல் அவனே கெடுத்துக்கொண்டான் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கு அனுப்பலாம்.

"ஓய்வெடுக்கச் சொன்னீர்களா, டாக்டர்?" என்று மானேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பலமுறை சொன்னேன்" என்றேன்.

"அட்டையில் இருக்கிறதா?"

"இருக்கிறது."

இருக்கவில்லை. டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் கீழே இருந்த இடைவெளிகளில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்... ஓய்வெடுக்கும்படி அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்தார். நான்காவது ஊசியை வரியோடு அடித்துவிட்டு, வலி மாத்திரை என்று எழுதினேன். சர்ஜனின் காகிதத்தில் தேதி இருந்ததே, அதைக் கிழித்தேன். சிவண்ணா மூலையில் நின்று கண்ணாடிச் சிரிஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் வந்து, மைப்புட்டியின் மூடியைத் திருகி மூடி அலமாரியில் வைத்தார். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

என் தகப்பனார் மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் முப்பது வருடம் இருந்தவர். ஒரு கோப்பிலும் பொய் எழுதாதவர் என்று அவருக்குப் பெயர். அன்று மாலை வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னால் சகிக்க முடியாதது.

வேலையிலிருந்து எடுத்துவிட்ட அன்று லாசர் என்னைப் பார்க்க வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்! நல அதிகாரி அட்டையில் இருந்ததைத் தமிழில் சொல்லியிருக்கிறார். லாசர் என் மேசை முன்னால் நின்றுகொண்டு, குழப்பத்தோடு பேசினான்.

"நீங்க ரெஸ்டு எடுக்கச் சொன்னீங்களாம், நான் மாட்டேன்னுட்டேனாம். எனக்கு நல்லா இருக்குன்னு நீங்க சொன்ன மாதிரிதான் சார் ஞாபகம். ஆனா கார்டுல எழுதியிருக்குது. டாக்டர் இல்லாததை எழுதுவாரா? சொல்லித்தான் இருப்பீங்க. பெர்மனென்ட் பைத்தியத்துல என் காதுல ஏறல போல. மன்னிச்சுக்குங்க சார், உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

தன் காதால் கேட்டதை அவன் நம்பவில்லை. தன்னால் படிக்க முடியாத என் எழுத்தை நம்பினான். நான் எழுந்து அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். "பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கோ" என்றேன்.

ஒரு வருடத்தில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே கிளினிக் திறந்தேன். மனச்சாட்சி உறுத்தி விட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வெளியே வருமானம் நன்றாக இருக்கும் என்று விட்டேன். லாசர் இப்போது அவர்கள் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வாசல் கதவைத் திறந்து மூடும் வேலை பார்க்கிறான், இடக்கையால். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவன்தான் எனக்கு நோயாளிகளை அனுப்புகிறான்! மாதம் இரண்டு மூன்று பேராவது கண்டோன்மென்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, "லாசர் அனுப்பினாரு டாக்டர்" என்பார்கள்.

ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. லாசர் என்னைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் மலர்ந்து, நேராகப் பாதிரியாரிடம் அழைத்துப் போனான்.

"இவருதான் சாமி எங்க டாக்டர். இவரு பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு எனக்குக் கை இருந்திருக்கும்."

பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவர்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டாம். திரைக்கு அந்தப்பக்கம் ஒருவர் காது கொடுப்பாராம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஆகையால்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேனா உங்களிடம்? இல்லை. அதைத் தரும் உரிமை உங்களுக்கு இல்லை, லாசருக்குத்தான் உண்டு. அவன் தமிழ் நன்றாக வாசிப்பான். அப்படியானால் இந்தக் காகிதங்களை அவனிடம் கொடுத்தால் என்ன? தினமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஏழு ஆண்டுகளாகத் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒருவாறு சமாதானமாகிவிட்டவனை மறுபடி கலைப்பானேன் என்று ஒரு பதிலும் வைத்திருக்கிறேன். எவ்வளவு கருணை பாருங்கள் எனக்கு!

போன செவ்வாய்க்கிழமை லாசர் வந்தான். நோயாளி அவனல்ல. கூடவே ரெஜினா.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள். நான்கு வீட்டில் துணி துவைக்கிறாளாம். வீட்டில் தண்ணீர் எடுப்பது, விறகு பிளப்பது, அரிசி மூட்டை இறக்குவது எல்லாம் அவள்தானாம். வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தொட்டுப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"துணி பிழிய முடியல டாக்டர்" என்றாள். "இவருக்குப் போட்டீங்களே வெள்ளை ஊசி, அதைப் போட்டுடுங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்."

நான் தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஊசி வலியை மட்டும் நிறுத்தும். நார் ஆற வேண்டுமானால் ஆறு வாரம் துணி பிழியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஓய்வெடுக்காமல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டால் கை போய்விடும். அன்று லாசரிடம் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையையும் அவளிடம் சொன்னேன்.

"ஆறு வாரமா? நாலு வீட்டுக்காரங்களும் வேற ஆளை வெச்சுக்குவாங்க டாக்டர்."

"கேளு ரெஜினா" என்றான் லாசர். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "அன்னிக்கு எனக்கும் இப்பிடித்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இதே மாதிரி, ஒண்ணொண்ணா. இன்னும் என் காதுலயே இருக்குது. நான்தான் கேக்கல."

அவன் பொய் சொல்லவில்லை. என் பொய் அவனுக்குள்ளே போய் ஞாபகமாகவே மாறிவிட்டிருந்தது.

ரெஜினா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபமோ சந்தேகமோ அந்தப் பார்வையில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"நெசமா டாக்டர்? இவர்கிட்ட இப்பிடிச் சொன்னீங்களா?"

வெளியே பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. அறையில் நாங்கள் மூவர் மட்டும். மானேஜர் அறைக்குப் பிறகு நேராக ஒருவர் என்னைக் கேட்டது அதுவே முதல் தடவை. ஒரே ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"சொன்னேம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, முழங்கையை என் மேசைமேல் வைத்தாள்.